ஆறாம் டிரம்மும் ஒன்றாம் டிரம்மில் வெந்த தோலும்

1. சுடுதண்ணீர்

பக்ரீத் முடிந்த வாரம் ஆம்பூரில் தோல் பதனிடும் எந்த ஷாப்பிலும், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் சும்மா நிற்காது. அப்படி ஒரு காலையில் உப்புத் தோல் ஊறிக்கொண்டிருந்த ஒன்றாம் டிரம்மைத் திறந்தேன். ஆட்டுத் தோல் எல்லாம் வெந்து, விறைத்து, பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. பதனிடாத பச்சைத் தோலுக்கு வெதுவெதுப்புக்கு மேல் சூடு ஆகாது. டிரம்களை ஓட்டும் கம்ப்யூட்டர் பேனல் அந்த டிரம்மின் தண்ணீர்ச் சூட்டை அறுபது டிகிரி என்று காட்டியது. நான் இருபத்தெட்டுதான் வைத்திருந்தேன்.

சூப்பர்வைசர் ஷபீர் பாய் ஓடி வந்தார். "இன்னாபா ஏழுமலை, தோல் ஊறவெக்கிறியா, பாயா வெக்கிறியா?"

"சூட்டை நான் தொடல பாய். ஆறாம் டிரம்முக்கு டைம் போட்டேன். அப்புறம்தான் இப்டி..."

"ஒண்ணாம் டிரம் வெந்ததுக்கு ஆறாம் டிரம் மேல பழியா? அது இன்னா உன் மச்சானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனலில் எண்களைத் தட்டத் தெரியும். நாலு பேர் முன்னால் வாதாட வராது.

மேனேஜர் வந்து தோலைப் புரட்டிப் பார்த்தார். "பேனல் செஞ்ச பொண்ண வேலூர்லருந்து வரச் சொல்லியிருக்கேன். மெஷின்ல தப்பில்லன்னா, நாளைலருந்து நீ வர வேணாம்."

2. இல்லாத அறை

மதியம் ஷீபா மேடம் வந்தார். பேனலுக்குப் புரோகிராம் எழுதியவர் அவர்தான். முதலில் வால்வைப் பார்த்தார், பிறகு சென்சாரை. இரண்டும் சரியாக இருந்தன. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, சூடு ஏர்றதுக்கு முன்னாடி இன்னா தட்டுனீங்க? அதே மாதிரி தட்டிக் காட்டுங்க" என்றார் மேடம்.

ஒன்றாம் டிரம்மின் சூட்டை மறுபடி இருபத்தெட்டில் வைத்துவிட்டு, ஆறாம் டிரம் ஓட வேண்டிய நேரம் அறுபது நிமிடம் என்று தட்டினேன். தண்ணீர்ச் சூடு இருபத்தெட்டிலிருந்து அறுபதுக்குத் தாவியது.

"நாப்பது போடுங்க."

நாற்பது டிகிரி ஆனது.

"இப்ப அஞ்சாம் டிரம்முக்குப் போடுங்க."

சூடு அசையவில்லை. மேடம் நெற்றியில் தட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"ஆறு டிரம்மோட டைமையும் வரிசையா வெக்க ஒரு அரே எழுதியிருக்கேன். ஆறு அறைன்னு வெச்சுக்கோங்க. கம்ப்யூட்டர் அதை பூஜ்யத்துலருந்து எண்ணும். அப்ப கடைசி அறை நம்பர் அஞ்சு. நான் டிரம் நம்பரையே அறை நம்பரா போட்டுட்டேன். ஆறாம் நம்பர்ல அறையே இல்ல."

"அப்ப நான் போட்ட டைம் எங்க போச்சு மேடம்?"

"பக்கத்து இடத்துல போய் உக்காந்துடுச்சு. ஒண்ணாம் டிரம்மோட தண்ணிச் சூட்டை அங்கதான் வெச்சிருந்தேன்."

ஷபீர் பாய்க்குத் தாங்கவில்லை. "அடுத்தவன் வூட்ல பூந்தா கம்ப்யூட்டர் கேக்காதா?"

"சில புரோகிராம் மொழியில கேக்கும் பாய். இதுல கம்முனு எழுதிடும்."

"இவ்ளோ மாசம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் மேனேஜர்.

"ஆறாம் டிரம்மை ஓட்டுனீங்களா சார்?"

ஓட்டவில்லை. மற்ற மாதங்களில் அஞ்சு டிரம்மே ஜாஸ்தி. பக்ரீத் தோல் வந்து குவியும்போதுதான் ஆறாவதைக் கழுவித் திறப்போம். பேனல் வந்த பிறகு இதுதான் முதல் பக்ரீத்.

"தப்பு என்னுது சார். அண்ணன் சரியாத்தான் தட்டியிருக்கார்" என்று மேடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். டிரம் நம்பரில் ஒன்றைக் கழிக்கும்படி புரோகிராமைத் திருத்தினார். நான் சூட்டை இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு டிரம்முக்கும் நேரத்தைத் தட்டினேன். சூடு இருபத்தெட்டிலேயே நின்றது.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "வெந்ததை அள்ளிப் போட்டுட்டு நாளைக்கு வர்ற லோடுக்கு டிரம்மைக் கழுவி வெய்யி" என்றார். எனக்கு அது போதும்.

3. புதிதாக வருபவர்களுக்கு

கோளாறு தெரிகிற இடத்திலேயே அது பிறந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அதற்குச் சற்று முன் எதைத் தொட்டீர்கள் என்று சொல்லுங்கள். யாராவது சிரித்தால், மறுபடியும் சொல்லுங்கள். நான் மறுபடி சொல்லவில்லை. மேடம் கேட்காமல் போயிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். என் இடத்துக்கு வருகிறவரும் ஆறாம் டிரம்முக்கு அறுபது என்று தட்டியிருப்பார், ஒன்றாம் டிரம்மில் தோல் மறுபடியும் வெந்திருக்கும்.