அரைக்கதவு மெட்டு

யுத்தம் முடிந்த பிறகு தூத்துக்குடியில் நாங்கள் நான்கு பேர் ஒரு பாண்டு செட் வைத்திருந்தோம். நான் கிளாரினெட், நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானப்பாட்டுக்கு ஊதிப் பழகியவன். கார்னெட் என்கிற சின்ன எக்காளம் ஊதுகிறவன் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தான். மற்ற இருவரும் டிரம். ஊரில் இருந்த செட்டுகள் எல்லாம் கிராமபோன் தட்டில் வந்த சினிமாப் பாட்டைத்தான் வாசிக்கும். நாங்களோ சொந்தமாக மெட்டுப் போட்டுத்தான் வாசிப்போம் என்று திமிர் பிடித்து அலைந்தோம். அதனால் கல்யாண வீட்டார் எங்களை அவ்வளவாகக் கூப்பிட மாட்டார்கள். சாவு வீடுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. செத்தவர் எழுந்து சினிமாப் பாட்டுக் கேட்கப் போவதில்லை.

நான் போட்டதிலேயே உருப்படியான மெட்டு ஒன்று உண்டு. சங்கு குளிக்கப் போகிற வள்ளங்களில் துடுப்புப் போடுகிறவர்களின் பாட்டுத் தாளத்தில் அதை அமைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில் முதல் தடவை வாசித்தபோது பந்தலுக்கு வெளியே கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் சரிகைக்கோட்டும் நின்றிருக்கிறான். அவன் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பெரிய செட் நடத்தியவன்; அவனும் கார்னெட்தான் ஊதுவான். சிவப்புக் கோட்டில் சரிகை வைத்துத் தைத்துப் போடுவதால் ஊர் முழுக்க அவனுக்கு அந்தப் பெயர். அடுத்த முகூர்த்தத்திலேயே என் மெட்டை அவன் வாசித்தான். "நானே போட்டது" என்று சபைக்குக் கும்பிடு வேறு போட்டான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அது என்னுடையது என்றேன்.

"ஏலே, பொணத்துக்கு முன்னால ஊதுத பயலுக்கு மெட்டுப் போடத் தெரியுமாலே? நான் எளவு வீட்டு வாசல மிதிச்சவனில்ல" என்றான்.

கூட்டம் அவனோடு சேர்ந்து சிரித்தது. அவன் கேவலமாகச் சொன்ன அந்த எழவை வைத்தே அவனை ஒழிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாததால் அவன் செட்டோடு கப்பலேறிக் கொழும்புக்குப் போய்ச் சில மாதம் அங்கேயே தங்கினான். நான் உட்கார்ந்து புதிதாக ஒரு மெட்டுப் போட்டேன். நல்ல துள்ளலான மெட்டு. ஆனால் அதை ஒரு கல்யாணத்திலும் வாசிக்கவில்லை. யார் இறந்தாலும், வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் அதையே நிதானமாக இழுத்து வாசித்தோம். எங்கள் கடைத்தெருவில் பிணம் போகும்போது கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்துவார்கள். தாண்டிப் போன பிறகுதான் திறப்பார்கள். கொஞ்ச நாளில், சவப்பெட்டி கண்ணில் படும் முன்பே, தெருமுனையில் அந்த மெட்டுக் கேட்டாலே அவர்கள் கை தானாகக் கதவுக்குப் போயிற்று.

அவன் திரும்பி வந்ததும் சாவு வீடுகளில் அதை நிறுத்தினோம். உப்புக் கொட்டகையில் கதவைத் திறந்து போட்டு, வேகமாக வாசித்துப் பழகினோம். அவனுடைய டிரம்காரன் பீடி குடிக்கிற சாக்கில் வெளியே நிற்பதைக் கார்னெட்காரன்தான் முதலில் பார்த்தான்.

"திருட்டுப்பய வந்துட்டாம்லே. இன்னொரு வாட்டி ஊது, நல்லா பாடமாவட்டும்" என்றான்.

தை மாதம் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு கடைத்தெரு வழியாக வந்தது. கொழும்பில் வைத்துத் தான் போட்ட புது மெட்டு என்று சொல்லிச் சரிகைக்கோட்டு ஆரம்பித்தான். நான் வெற்றிலைக் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். வேகம் கூடியிருந்தால் என்ன, மெட்டு அதுதானே. முதல் கடை பாதி சாத்தியது. அடுத்த கடை சாத்தியது. பிறகு தெருவின் இரண்டு பக்கமும் கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டே வந்தன. எண்ணெய்க் கடைக்காரர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "யாருலே போயிட்டா?" என்று கேட்டார்.

பெண்ணைப் பெற்ற அண்ணாச்சியின் காதில் அது விழுந்துவிட்டது.

"நிறுத்துலே! எம்மவ கல்யாணத்துல எளவா கொட்டுத?" என்று பாய்ந்து, கார்னெட்டைச் சரிகைக்கோட்டின் வாயிலிருந்தே பிடுங்கினார். சரிகை கிழிந்து தொங்கியது. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். காரில் மாப்பிள்ளை முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். அதுகூட எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. பாளையங்கோட்டைக்கே நடையைக் கட்டினான்.

அடுத்த வருஷம் நாசரேத்தில் எனக்குக் கல்யாணம். கூட்டாளிகள் என் அந்தப் பழைய மெட்டை, அவன் முதலில் திருடினதை, வாசித்தார்கள். பெண்ணின் மாமா முகமெல்லாம் மலர்ந்து, "அடடே, இது அந்தச் சரிகைக்கோட்டு மாஸ்டர் மெட்டுல்லா!" என்றார்.

மாலையும் கழுத்துமாக நின்ற நான், "அது நான் போட்டது மாமா" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு ஆசையப் பாத்தியளா!" என்றார். பந்தலே சிரித்தது. பக்கத்தில் நின்ற என் மனைவியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் இன்னும் நம்பவில்லை.