மகள் முடிச்சிட்ட தாவணி

என் மகள் வெள்ளைத் தாவணியில் கடுகு வைத்து முடிச்சுப் போட்டு, வீட்டிலேயே சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தபோது சிவப்பில் வெள்ளை வட்டங்கள். பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில்தான் உலர்த்துவாள். “யம்மா, நீ தொட்டா வெளுத்துரும்” என்பாள்.

எழுபத்து நான்காம் ஆண்டு காய்ச்சலில் அவளை ஆண்டவர் எடுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், என் நாத்தனார் அவள் துணிகளையெல்லாம் துவைத்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. அதனால் சலவைச் சோடா போட்டு அவிப்பதுதான் தெரு வழக்கம். தாவணியையும் அதிலேயே போட்டுவிட்டாள்.

“காய்ச்சல்ல கெடந்த புள்ள துணில்லா, மைனி, நல்லதுக்குத்தான் செஞ்சேன்” என்று அழுதாள்.

“அழாத ஏளா, நீ என்ன செய்வ” என்றேன்.

கொடியில் கிடந்த தாவணியில், மகள் முடிச்சிட்ட வெள்ளை வட்டங்களைத் தேடினேன். துணியே வெளிறிப்போனதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. மாதாவே, இவள்மேல் எனக்குக் கசப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.