கறிவேப்பிலைக்கு இரண்டு குடம்

நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பியவள் நான். பாளையங்கோட்டையில் கல்லூரியில் வகுப்பெடுத்து முடித்ததும் ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஓர் அகச்சிவப்பு லேசரின் அதிர்வெண் எவ்வளவு நடுங்குகிறது என்று அளப்பேன். சரியான தொட்டாச்சிணுங்கி அது. மின்னோட்டத்தை இம்மி கூட்டினால் அதிர்வெண் நகரும். காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று துப்புத் துலக்க அந்தக் குணம்தான் வேண்டும். ஆனால் மின்னோட்டத்தில் வேண்டாத ஆட்டம் புகுந்தால் அதற்கும் ஆடித் தொலைக்கும். லேசர் இரவல் வாங்கியது, வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் அளந்து முடிக்காவிட்டால் என் கடைசி அத்தியாயம் அம்போ.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தத் திங்கள்கிழமை ஆய்வக உதவியாளர், என் வயதுக்காரி, பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு குடம். கோடையில் குழாய் சொட்டுகிற நேரத்தில் செடி ஒரு கேடா என்று கத்திவிட்டேன். அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

புதன்கிழமை கணினித் திரையில் ஐம்பது ஹெர்ட்ஸில் முள் மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. கரண்டின் துடிப்பு எப்படியோ லேசருக்குள் புகுந்திருந்தது. கம்பிகளை மாற்றினேன், பெட்டியைக் கழற்றி மாட்டினேன். வியாழன் மதியம்வரை முள் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

வெளியே வந்து நின்றேன். செடி துவண்டு கிடந்தது. பாவமாக இருந்தது; நானே ஒரு குடம் ஊற்றினேன். தண்ணீர் ஓடி, பக்கத்திலிருந்த சிமெண்ட் மூடியின் ஓட்டைக்குள் இறங்கியது. அங்கிருந்து ஒரு செம்புப் பட்டை ஆய்வகச் சுவருக்குள் போனது. வேண்டாத மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழி! ஈரமில்லாவிட்டால் எர்த் சரியாக இருக்காது என்று வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவள் நான்.

இன்னும் இரண்டு குடம் ஊற்றிவிட்டு உள்ளே போனேன். முள் பைய அடங்கியது. சாயங்காலத்துக்குள் அளந்து முடித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"கரண்டு வேலைக்கு வந்தவருதான் அங்கன தெனமும் ஊத்தச் சொன்னாரு மேடம். நீங்க வேண்டாம்னிய. படிச்சவிய சொன்னா சரியாத்தான இருக்கும்னு விட்டுட்டேன்."

வெட்கமாக இருந்தது, அவள் மேல் பிரியமாகவும் இருந்தது. இப்போது காலையில் ஒரு குடம் அவள் ஊற்றுகிறாள், ஒரு குடம் நான்.