இழுபட்ட இரண்டு போல்ட்டுகள்

பினாங்கை அடுத்த திகாம் பத்து என்ற ஊரில் லாரிப் பட்டறை வைத்திருந்த வீரசாமியைப் பிடிவாதக்காரர் என்பார்கள். எஞ்சினைத் திறந்தால், அதன் மேல்மூடியைப் பிடிக்கும் ஹெட் போல்ட்டுகள் அத்தனையையும் புதிதாக மாற்றாமல் மூடமாட்டார். "நல்லாத்தானே இருக்கு, கழுவிப் போடுங்கண்ணே" என்று லாரிக்காரர்கள் கெஞ்சுவார்கள். "அப்ப வேற பட்டறைக்குப் போ லா" என்பார். காரணத்தை ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இளவயதில், வெள்ளைக்காரன் காலத்தில், அவர் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் எஞ்சின்காரர். ரப்பர்ப் பாலை உறையவைத்து ஷீட் போடும் ஸ்டோரில் ரோலர்களைச் சுழற்றுவது ஒரே எஞ்சின். அதன் சிலிண்டருக்குள் தண்ணீர் கசியத் தொடங்கியது. வீரசாமி ஹெட்டைக் கழற்றினார். போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு நட்டைக் கையால் உருட்டிப் பார்த்தார். நல்ல போல்ட்டில் நட்டு கடைசிவரை ஓடும். இரண்டில் பாதியில் இறுகி நின்றது. அந்த இரண்டும் இழுபட்டு நீண்டுவிட்டன என்று அர்த்தம். திரும்ப முறுக்கினால் பிடிக்கும். எத்தனை நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பினாங்கிலிருந்து வந்த புதுப் போல்ட்டுகள் சாமான் அறையிலேயே கிடந்தன. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த எஞ்சின் தோட்டத்துக் காவல் சாமி முனியாண்டிக்குச் சொந்தம். அதில் மாட்டும் எந்தப் புது இரும்பையும் வெள்ளிக்கிழமை சாமி முன்னால் வைத்து, சேவல் அறுத்து, சந்தனம் பூசிய பிறகே மாட்டுவது அங்கே வழக்கம். முந்தைய வருடம் பூசை போடாமல் மாட்டிய பெல்ட் ஒருவனின் விரல்களைக் கொண்டுபோனதாம். பெல்ட்டைச் சுற்றி ஒரு வேலி இல்லையே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கங்காணி அழகேசன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "புது இரும்பு ரத்தம் கேக்கும் வீரசாமி. வெள்ளிக்கிழமை பூசை போட்டுட்டு மாட்டு. இல்லேன்னா ஒரு பொம்பளையும் ரோலர்கிட்ட வரமாட்டா."

வீரசாமி ஆபீசுக்குப் போனார். வெள்ளைக்காரத் துரையின் கணக்கு எழுதும் கிராணி சிவகுரு யாழ்ப்பாணத்துக்காரர்.

"துரை வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கமாட்டார் ஐசே. பால் எல்லாம் புளிச்சுப்போகும். இண்டைக்கே எஞ்சின் ஓடவேணும்."

"ரெண்டு பழைய போல்ட்டு இழுபட்டிருக்குங்க ஐயா."

"போட்டால் ஓடுமோ, ஓடாதோ? அதை மட்டும் சொல்லும்."

"ஓடுங்க."

அது பொய்யில்லை. ஓடும்தான். துரைக்கு அன்றைய பால் முக்கியம், கங்காணிக்குச் சாமி முக்கியம். ரோலர் பக்கத்தில் நிற்கப்போகிறவளைப் பற்றி அங்கே ஒரு சொல் எழவில்லை. எழுப்பியிருக்க வேண்டியவர் வீரசாமி. பழைய போல்ட்டுகளையே போட்டு முறுக்கினார்.

சில நாள் ஓடியது. பிறகு, வெள்ளிக்கிழமை வருமுன்னே, ஒரு காலையில் அந்த இரண்டும் அடுத்தடுத்து அறுந்தன. ஹெட் தூக்கிக்கொண்டது. கொதிக்கும் தண்ணீரும் ஆவியும் ரோலர் பக்கம் பீறிட்டன. இராசாத்தி அங்கே ஷீட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். புருஷனை மலேரியாவுக்குப் பறிகொடுத்த இளம் பெண். பாதி முகமும் வலது கையும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அந்தக் கையை நீட்ட முடியவில்லை.

அவள் வந்ததும் கோயில் முன் கூட்டம் கூட்டினார்கள். அழகேசனின் கணக்கு எளிது: பூசை பெற்ற இரும்பு தானாக அறுந்துபோகாது, ஆகவே எஞ்சினைத் தீட்டு தொட்டிருக்கிறது. ரோலர் பெண்களை ஒவ்வொருத்தியாக விசாரித்தார்கள். இராசாத்தி தலை குனிந்தபடி, அன்று தான் தீட்டோடுதான் வேலைக்கு வந்ததாக ஒப்புக்கொண்டாள். வராத நாளுக்குத் தோட்டம் சம்பளம் தராது. அதைப் பற்றி முனியாண்டி விசாரிப்பதில்லை.

"சாமி இருக்கிற எடத்துக்குத் தீட்டோட போனா சும்மா விடுமா?" என்றார் அழகேசன்.

"தப்பு எம்மேலதான் மாமா" என்று மண்ணில் விழுந்தாள்.

வீரசாமி கூட்டத்தில்தான் நின்றார். 'தெரிஞ்சேதான் போட்டேன்' என்ற இரண்டு சொல் போதும். சொன்னால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடு போகும். வாயைத் திறக்கவில்லை. அதன்பின் தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். துரைக்கும் இது தோதாகப் போயிற்று. பழியைச் சாமி தீர்த்துவைத்துவிட்டது. நஷ்டஈடு கேட்க ஆளில்லை. கை விளங்காதவளை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்ப உத்தரவானது.

வெள்ளைக்காரனையும் முனியாண்டியையும் நான் எவ்வளவு திட்டினாலும் வீரசாமியின் மௌனம் அவருடையதுதான். அவரும் அப்படித்தான் சொன்னார்.

அவளை வழியனுப்ப யாரும் போகவில்லை. வீரசாமி மட்டும், அவள் துறைமுகத்துக்கு ரயிலேறும் சுங்கைப் பட்டாணி ரயிலடிக்குப் போனார்.

"ராசாத்தி, தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் போல்ட்டு இழுபட்டிருந்தது எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் வெந்த பக்கத்தைத் துணியால் மூடியிருந்தாள். மறு கண்ணால் அவரையே பார்த்தாள்.

"நெசமாவாண்ணே?"

"நெசந்தான்."

"அப்ப அன்னிக்குக் கோயில்ல சொல்லியிருக்கலாமே. எல்லாரும் இருந்தாங்களே."

வண்டி வந்தது. வீரசாமி அவளுடைய மூட்டையை வாங்கி ஏற்றிவிடக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. இடது கையாலேயே அதை இழுத்துக்கொண்டு ஏறி, அவர் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.