மஞ்சள் கிடந்த சிரட்டை

ரங்கூன் போன என் புருசனிடமிருந்து காகிதம் வருவது நின்றுபோன வருடம், நான் மதுரையில் ஒரு நூல் மில்லில் சேர்ந்தேன். ரீலிங்கில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற வேலை. மில்லுக்குப் போகிற பொம்பளைகளைப் பற்றி ஊரில் நல்லவிதமாகப் பேச மாட்டார்கள். பேசட்டும் என்று போனேன். இரண்டு பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

சம்பளம் மாதம் ஒரு தடவை. அன்றைக்குப் புருசனின் அண்ணன் பக்கத்தில் பரவை ஊரிலிருந்து வந்து மில் வாசலில் நிற்பார். சம்பளத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வாரா வாரம் வந்து செலவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு வாரம் வரவில்லை. களத்தில் வேலையாம். பிள்ளைகள் வடிகஞ்சி குடித்துப் படுத்தார்கள்.

அடுத்த சம்பளத்தில் நான் காசை நீட்டவில்லை.

"இனிமே நானே வச்சுக்கிறேன் மச்சான்."

அவர் சிரித்தார். "எண்ணத் தெரியுமாத்தா உனக்கு? சரி, வச்சுக்க. கடன்னு யாரு வாசல்லயாவது நின்னேன்னு காதுல விழட்டும், மறுமாசத்துலருந்து சம்பளம் எங்கையில."

"சரி" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குக் கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வரைதான் இருந்தேன். முதலில் செலவுக்கு ஒரு கோடு என்று சுவரில் கரியால் இழுத்தேன். நன்றாகத்தான் போனது. பொங்கல் வந்தது. நானே சுண்ணாம்பு கரைத்து நானே வெள்ளையடித்தேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கோடு ஒன்றுகூட இல்லை. பிறகு பழைய சேலைத் துணியில் அரிசிக்கு ஒரு முடிச்சு, வாடகைக்கு ஒரு முடிச்சு என்று காசைக் கட்டி வைத்தேன். முடிச்செல்லாம் ஒன்றுபோல் இருந்தது. எதை அவிழ்க்கிறேன் என்று அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் தேங்காய் துருவிவிட்டுச் சிரட்டையை அடுப்புக்குள் போடப் போனேன். போடவில்லை. கழுவிக் காயவைத்தேன். நாலு சேர்ந்ததும் மாடக்குழியில் வரிசையாக வைத்தேன். ஒன்றில் நாலு அரிசி. ஒன்றில் ஒரு வற்றல் மிளகாய். ஒன்றில் விறகுச் சிராய். வாடகைக்குச் சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு காரைத்துண்டு. சம்பளம் வந்த அன்றே காசைப் பிரித்து அதனதனில் போட்டேன். மிளகாய்ச் சிரட்டை காலியானால் குழம்பு காரமில்லாமல் இருக்கும். பக்கத்துச் சிரட்டையில் கை போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அடுத்த வீட்டுக்காரியும் மில்லுக்கு வருகிறவள்தான். எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, செரட்டைய அடுக்கிக் கடை போடப் போறியா?"

"ஆமா. கடன் குடுக்காத கடை."

"அப்ப நான் வரலை" என்று போய்விட்டாள். ஆனால் மறுமாதம் அவளும் இரண்டு சிரட்டை கழுவினாள்.

முதல் மாதத்திலேயே இடித்தது. என் சித்தி மகனுக்குக் கல்யாணம். செய்முறை என்று மொய் வைக்காமல் எப்படிப் போவது? அதற்குச் சிரட்டை வைக்க மறந்துபோனேன். எங்கள் பக்கம் அரிசியை மறந்தாலும் செய்முறையை மறக்க மாட்டார்கள். நான் மறந்தேன். அரிசிச் சிரட்டையில் கை வைத்தேன். மாதக் கடைசி முழுக்கக் கேப்பைக் கூழ். அதையும் நீர்க்கக் கரைத்துக் குடித்தோம். கடன் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு செய்முறைக்கென்று ஐந்தாவது சிரட்டை வைத்தேன். அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. மாதம் கொஞ்சம் அதில் விழும்.

ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. என் புருசனும் மச்சானும் பிள்ளைக்குத் தாய்மாமன்கள். மச்சான் என் வீட்டுக்கு வந்தார்.

"மாமன் சீரு ரெண்டு பங்கு. தம்பி இல்லாட்டியும் தம்பி பங்கு உண்டுல்ல. பத்து ரூவா எடுத்து வையி."

என் ஒரு மாதச் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

"இருக்கிறதைக் கொண்டாரேன் மச்சான்."

மஞ்சள் சிரட்டையில் இரண்டு ரூபாய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பரவைக்குப் போனேன். மொய் எழுதுகிறவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "தாய்மாமன், ரங்கூன்காரரு வீடு, ரெண்டு ரூவா!"

சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "மில்லு ஓடலையாக்கும்" என்றாள். நான் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளைகளுக்கும் வைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே மச்சான் வந்துவிட்டார். வாசலில் நின்றே கத்தினார்.

"எங்க மானத்தை வாங்கிட்டியே! சம்பளத்தை எல்லாம் எங்கத்தா கொட்டுற? பெரிய இவளாட்டம் கணக்கு வச்சிருக்கியாமே, கொண்டா பாப்போம்!"

வரிசை வீட்டில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நான் உள்ளே போய்ச் சிரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து வாசற்படியில் அவர் முன்னால் வைத்தேன்.

"இது அரிசிக்கு. இது மிளகாய், புளிக்கு. இது விறகு. இது வாடகை. செய்முறைச் செரட்டை இந்தா, கவுந்து கிடக்கு. அதுல இருந்த அம்புட்டையும் நேத்து உங்க தங்கச்சி வீட்டுல போட்டுட்டேன். இன்னும் எட்டு ரூவா வேணும்ல? எடுத்துக்கங்க. எந்தச் செரட்டையில கை வைக்கிறீகன்னு மட்டும் இவுகளுக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டு எடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். அரிசிச் சிரட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் சின்னவள் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"உனக்கு வாய் கூடிப்போச்சு" என்றார்.

"யாரு வாசல்லயாவது கடன்னு நின்னேனா மச்சான்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் சிரட்டைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு மில்லுக்கு ஓடினேன். தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

அடுத்த சம்பளத்தன்று காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் இரண்டு பக்கமும் பார்த்தேன். அவர் இல்லை. நின்றிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.