அப்பாவைப் பற்றி ஒரு பக்கம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட எட்டுக் கணினிகள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. வாரத்தில் ஒரு நாள் கட்டுரை வகுப்பை இனிமேல் கணினி அறையில்தான் நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்கே அது புதிது. முதல் நாள் கணினி ஆசிரியரிடம் நான் கற்றுக்கொண்டதை மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்குக் குடிவந்த குடும்பம். நோட்டில் நான்கு வரிக்கு மேல் எழுதமாட்டாள். எழுதியதை அடித்து, அடித்ததன் மேலேயே எழுதி, கடைசியில் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்வாள். கணினியில் தப்பை அழித்தால் தடமே தெரியாது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்று, வீட்டில் யாராவது ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அரை மணி நேரமாக அவள் தலை நிமிரவில்லை. பின்னால் போய் நின்று படித்தேன். இருபது வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்த அவள் அப்பா இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி. பகல் முழுக்க நிற்கிறார். வெயிலை என்ன செய்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை என்று திக்கித் திணறும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கீழே இன்னொரு பத்தியும் இருந்தது. அதற்குள் வேறொரு பிள்ளை கூப்பிட, நகர்ந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. "கரண்ட் ஹோய்த்து" என்று பிள்ளைகள் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். அவள் மட்டும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதைச் சேமிப்பது எப்படி என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

சாயங்காலம் கணினி ஆசிரியரை உட்காரவைத்து, அவள் எழுதியதைத் தேடச் சொன்னேன். "சேவ் பண்ணலன்னா ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி எழுதச் சொன்னேன். மூன்று வரி வந்தது: அப்பாவின் பெயர், வேலை, அவர் நல்லவர். எனக்குத் தாங்கவில்லை. அன்று படித்ததில் நினைவில் இருந்ததையெல்லாம் வீட்டில் ஒரு தாளில் எழுதி, மறுநாள் அவளிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள்.

"நல்லா இருக்கு மிஸ். ஆனா இது நான் எழுதுனது இல்ல."

"நீ எழுதுனதுதாம்மா. மிச்சத்த ஞாபகப்படுத்தி எழுதிப் பாரேன்."

"வரல மிஸ். அன்னிக்கு வந்துச்சு."

கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டதற்குத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் வந்தார்கள். அவள் அப்பா காவலாளி உடுப்போடேயே வந்திருந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் உரிந்திருந்தன. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாப்பா இங்கிலீஷ் எப்படி எழுதுது மேடம்?"

"ரொம்ப நல்லா எழுதுறா" என்றேன்.

அவர் மதிப்பெண் அட்டையைப் பார்த்தார். ஆங்கிலத்துக்கு நேராக முப்பத்தெட்டு. என்னையும் ஒருமுறை பார்த்தார். அவரிடம் காட்ட, அன்று அவள் எழுதியதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.