வேட்டைக்குப் போகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

என் கணவருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது எழுபதுகளின் நடுவில், நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த இரண்டாம் வருஷம். யாழ்ப்பாணத்தில் கரப்பான்பூச்சி அடிக்கவும் என்னைக் கூப்பிட்ட மனுஷர் அவர். தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் சனிக்கிழமைகளில் முயல் சுடக் கூட்டிக்கொண்டு போனார். கொண்டுவந்த முயலை நான் உறைக்க உறைக்கப் பிரட்டல் கறி வைத்தேன். அதன் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நானும் சேர்ந்துதான் தின்றேன், பிறகு அவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த வெள்ளைக்கார நண்பருக்குக் காய்ச்சல். இவர் நண்பரின் துவக்கை வாங்கிக்கொண்டு முதல் தடவையாகத் தனியே வெளிக்கிட்டார். வாசலில் நின்று, "போட்டு வாறன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிப்பன்" என்றார்.

"ஓம்" என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார்கள். துவக்கோடு போகிறவரிடம் கேட்க எனக்கு வாய் வருமா?

ஒரு மணிக்குச் சோறு ஆறிப்போனது. இரண்டு மணிக்கு அவரைத் திட்டினேன். மூன்று மணிக்குத் திட்டவும் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓடினேன். அவளுடைய புருஷன் குளங்களில் தாரா, காட்டு வாத்து சுடப் போகிறவர். அவள் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கம் போனார் என்பதுதான்.

"தெரியாது. கேட்கவில்லை" என்றேன்.

ஏன் என்றாள். கேட்டால் கெட்டது நடக்கும் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னபோது, அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் சமையலறையில் டெலிபோனுக்கு மேலே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தது. புருஷனின் கையெழுத்து. எந்த ரோட்டு, எந்தப் பண்ணையின் கேற், எத்தனை மணிக்குத் திரும்புவது. துவக்கை எடுக்குமுன் அதை எழுதாவிட்டால் அவருக்குக் கதவே திறந்துவிடுவதில்லை என்றாள்.

காய்ச்சல்கார நண்பருக்குப் போன் எடுத்தாள். வழக்கமாகப் போகிற இடங்கள் மூன்று என்றார் அவர். ஒன்று வெரிபீ என்ற ஊரைத் தாண்டி, மற்ற இரண்டும் வேறு வேறு திசை. கம்பிவேலி தாண்டுமுன் துவக்கில் இருக்கிற குண்டைக் கழற்றச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். இவர் இரண்டு தடவை மறந்தவராம். அதைக் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டேன். பொலிசுக்கும் சொன்னோம். அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஐந்து மணிக்கு ஒரு பண்ணைக்காரரின் லொறி வாசலில் நின்றது. இவர் அதிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கினார். முயல் வளைக்குள் கால் போய்க் கணுக்கால் வீங்கியிருந்தது. உதவி வேண்டுமென்றால் மும்மூன்றாகச் சுட வேண்டும் என்று நண்பர் சொல்லிக் கொடுத்தபடி, குண்டு தீரும்வரை சுட்டிருக்கிறார். யாரோ முயல் சுடுகிறார்கள் என்று நினைத்த பண்ணைக்காரர், மாலையில் மாடு சாய்க்கப் போனபோதுதான் இவரைக் கண்டிருக்கிறார்.

"நீர் பயந்து போனீரோ?" என்று கேட்டார். அழுதுகொண்டே ஆறிப்போன சோற்றைச் சூடாக்கப் போனேன்.

கால் சுகமாகி, ஒரு சனிக்கிழமை மறுபடி சப்பாத்துப் போட்டார். கதவில் கை வைத்தபோது கேட்டேன்.

"எங்க போறியள்?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. முகம் சுருங்கியது. திரும்பி வந்து, குசினிக் கதிரையில் இருந்து, தண்ணி கேட்டுக் குடித்தார். ஊரில் யாராவது அப்படிக் கேட்டுவிட்டால் செய்வது அது. தோஷம் கழிந்த பிறகு ரோட்டையும் கேற்றையும் சொன்னார். நாலு மணிக்கு வருவாராம். கடதாசியில் எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டினேன்.

அன்றும் நாலு மணிவரை பயந்துகொண்டுதான் இருந்தேன். கேட்டுவிட்டேனே என்ற பயம். ஆனால் அந்தக் கடதாசியைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன்.